உருளைக்கிழங்கும் ஒரு சாண் ஆழமும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையில், பாக் நீரிணையை ஒட்டி அமைந்துள்ள மீன்பிடி ஊர் கோட்டைப்பட்டினம். சித்திரை மாத நண்பகலில் அங்குள்ள மணலில் வெறுங்காலுடன் நாலு எட்டு நடப்பதே கடினம். ஆனால் அதே இடத்தில் கையால் ஒரு சாண் தோண்டிப் பார்த்தால், உள்ளே இருக்கும் மணல் குளிர்ச்சியாக இருக்கிறது. கடலோரத்துப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்த செய்தி இது.

அவ்வூர் மாணவர் ஒருவர் ஒரு நாள் என்னிடம் இப்படிக் கேட்டார்: "சார், உருளைக்கிழங்கு குளிர்ந்த இடத்தில்தான் விளையும் என்கிறார்கள். எங்கள் ஊர் மணலில் மேலேதானே சூடு? ஒரு சாண் கீழே போனால் குளிர்ச்சி. விதைக் கிழங்கை அந்த ஆழத்தில் நட்டுவிட்டால் இங்கேயும் விளையாதா? எதற்காக மலையிலிருந்து லாரியில் வரவேண்டும்?"

நல்ல கேள்வி. "விளையாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் ஏன் விளையாது என்று சொல்ல வேண்டுமானால், கிழங்கு எங்கே உண்டாகிறது, அதன் மேல் எவ்வளவு மண் இருக்க வேண்டும், வெயிலின் வெப்பம் மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது ஆகிய மூன்றையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிழங்கு எங்கே உண்டாகிறது?

உருளைக்கிழங்கு வேர் அன்று, அது தண்டு. மண்ணுக்கு அடியில் உணவைச் சேமித்து வைத்துப் பருத்துப்போன தண்டு. ஒரு கிழங்கை எடுத்துப் பாருங்கள். அதன் மேல் சிறு சிறு குழிகள் தெரியும். அவற்றைக் 'கண்' என்கிறோம். ஒவ்வொரு கண்ணிலும் மொட்டு உண்டு. கிளையில் மொட்டு முளைப்பது போல இங்கும் முளை வரும். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இத்தகைய கண்களைக் காண முடியாது. ஏனெனில் அது பருத்த வேர்.

விதைக் கிழங்கை மண்ணில் நட்டதும் கண்ணிலிருந்து முளை கிளம்பி மேல் நோக்கி வளர்கிறது. மண்ணுக்குள் இருக்கும் அதன் கணுக்களிலிருந்து மெல்லிய தண்டுகள் பக்கவாட்டில் ஓடுகின்றன. இவற்றை ஓடுதண்டுகள் எனலாம். ஓடுதண்டின் நுனி பருத்துத்தான் புதுக் கிழங்கு ஆகிறது.

இதில் ஒரு முக்கியமான உண்மை அடங்கியிருக்கிறது. புதுக் கிழங்குகள் பெரும்பாலும் விதைக் கிழங்குக்கும் தரைமட்டத்துக்கும் இடைப்பட்ட மண்ணில்தான் உண்டாகின்றன. விதைக் கிழங்குக்குக் கீழே அவை உண்டாவது அரிது. ஆகவே விதையை எவ்வளவு ஆழத்தில் வைக்கிறோம் என்பது, பிள்ளைக் கிழங்குகளுக்கு எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதே ஆகும்.

மேலாக நட்டால் என்ன ஆகும்?

இனி உருளைக்கிழங்கு நன்றாக விளையும் ஓர் இடத்துக்குப் போவோம். நீலகிரி மலையில் உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் அங்கே உருளைக்கிழங்கு பயிராகத் தொடங்கியது. இன்றும் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று ஆண்டில் மூன்று பருவங்களில் நடுகிறார்கள். உதகைக்கு அருகில் முத்தோரையில், இப்பயிருக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் 1957 முதல் இயங்கி வருகிறது.

அங்கே ஓர் உழவர் விதைக் கிழங்கை இரண்டு, மூன்று செ.மீ. ஆழத்தில் மட்டும் நட்டுவிட்டு, பிறகு மண்ணும் ஏற்றாமல் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முளை விரைவில் வெளியே வந்துவிடும். செடியும் செழிப்பாகத் தோன்றும். ஆனால் மண்ணுக்குள் இருக்கும் தண்டின் நீளம் குறைவு, கணுக்கள் குறைவு, ஓடுதண்டுகளும் குறைவு. சில ஓடுதண்டுகள் மண்ணைவிட்டு வெளியே தலைநீட்டிவிடும். வெளிச்சம் கண்ட ஓடுதண்டு கிழங்கு ஆவதில்லை. இலை விட்டுச் சாதாரணக் கிளையாக மாறிவிடும்.

உண்டான கிழங்குகளும் பருக்கப் பருக்க மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். வெளிச்சம் பட்ட இடம் பச்சையாகிவிடும். கிழங்கு ஒரு தண்டு என்று முன்பே கூறினோம் அல்லவா? வெளிச்சத்தில் பச்சையம் உண்டாக்குவது தண்டின் இயல்பு. பச்சையத்தால் நமக்குத் தீங்கு இல்லை. ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனின் போன்ற நச்சுப் பொருள்களும் கிழங்கில் கூடிவிடுகின்றன. 100 கிராம் கிழங்கில் இவை 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது உண்ணத் தக்கதன்று. கசப்பு, வயிற்று வலி, வாந்தி முதலியன உண்டாகும். அவித்தாலும் இந்த நஞ்சின் பெரும்பகுதி அழிவதில்லை. ஆகவே பச்சைக் கிழங்கு சந்தையில் கழிக்கப்படும். உழவருக்கு அது நட்டம்.

வேறு ஆபத்துகளும் உண்டு. கிழங்கு அந்துப்பூச்சி வெளியே தெரியும் கிழங்கின் கண்களில் முட்டை இடும். மண் வெடித்திருந்தால் அந்த வெடிப்பு வழியாகவும் இறங்கிவிடும். இலைகளைத் தாக்கும் பின்கருகல் நோயின் வித்துகளை மழைநீர் மண்ணுக்குள் கழுவிச் செல்லும். கிழங்கின் மேல் மண் குறைவாக இருந்தால் அவை எளிதில் அதை எட்டிவிடும். அயர்லாந்தில் 1845-இல் தொடங்கிப் பத்து லட்சம் பேரைப் பலிகொண்ட பஞ்சத்துக்குக் காரணமான நோய் இதுவே. கிழங்கின் மேல் கிடக்கும் நாலு விரற்கடை மண், அதற்குக் குடையாகவும் கவசமாகவும் இருக்கிறது.

மிக ஆழமாக நட்டால்?

அப்படியானால் ஆழமாகப் புதைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேயும் தொல்லை இருக்கிறது.

முளை வெளிச்சத்தை எட்டும் வரை தானாக உணவு தயாரிக்க முடியாது. விதைக் கிழங்கில் உள்ள மாவுப்பொருளே அதன் கட்டுச்சோறு. 40 கிராம் எடையுள்ள விதைக் கிழங்கில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மீதி 8 கிராம் அளவுதான் உலர்பொருள். பயணம் நீண்டால் கட்டுச்சோறு தீர்ந்துகொண்டே வரும். முளை காலதாமதமாகவும் மெலிந்தும் வெளிவரும். சில முளைகள் வராமலே போகும்.

மேலும் முளைக்கும் கிழங்கு சுவாசிக்கிறது. அதற்குக் காற்று வேண்டும். கிழங்கின் தோலில் பட்டைத்துளைகள் என்னும் நுண்ணிய துளைகள் உள்ளன. அவற்றின் வழியே பிராணவாயு உள்ளே செல்கிறது. மழைக்காலத்தில் ஆழமான மண்ணின் இடுக்குகள் எல்லாம் நீரால் நிரம்பிவிட்டால் கிழங்கு மூச்சுத் திணறி அழுகிவிடும். களிமண்ணில் இந்த ஆபத்து மிகுதி. மணற்பாங்கான மண்ணில் குறைவு. அதனால்தான் களிமண்ணில் சற்று மேலாகவும், மணல் கலந்த மண்ணில் சற்று ஆழமாகவும் நடுவது வழக்கம். அறுவடையின்போது ஆழத்தில் உள்ள கிழங்கைத் தோண்டி எடுக்கக் கூலியும் அதிகம். கொத்து பட்டுக் காயமாகும் கிழங்குகளும் அதிகம்.

இதில் உழவரின் பணமும் அடங்கியிருக்கிறது. ஓர் எக்டேர் நிலத்துக்குச் சுமார் 3 டன் விதைக் கிழங்கு வேண்டும். நெல்லுக்கோ கேழ்வரகுக்கோ இப்படிப்பட்ட விதைச் செலவு கிடையாது. முளைக்காமல் போகும் ஒவ்வொரு கிழங்கும் காசு கொடுத்து வாங்கியதுதான்.

இரண்டுக்கும் ஒரு வழி

ஆழம் குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. உழவர்கள் இதற்குக் கண்ட வழி எளியது. நடும்போது ஆழம் வேண்டாம். செடி வளர்ந்த பிறகு ஆழம் வேண்டும். எனவே விதைக் கிழங்கை 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் நட்டு, முளையை விரைவாக வெளியே வரவிடுகிறார்கள். இலைகள் உணவு தயாரிக்கத் தொடங்கிய பிறகு, இரு பக்கத்து மண்ணையும் கொத்தி எடுத்துச் செடியின் அடியில் பாராக அணைக்கிறார்கள். இதுவே 'மண் அணைத்தல்'. மலைப் பகுதியில் சுமார் 45-ஆம் நாளில் ஓடுதண்டுகள் அறுந்துபோகாமல் களை கொத்துவதும், 60-ஆம் நாளில் மறுபடி கொத்தி மண் அணைப்பதும் வழக்கம். பயிரின் வயது சுமார் 120 நாள்.

கிழங்கு கீழே இறங்கவில்லை. தரைதான் அதற்கு மேலே ஏறியது! முளைக்கு நெடும் பயணம் இல்லை. பிள்ளைக் கிழங்குக்கு வெளிச்சமும் படவில்லை. பார்களுக்கு நடுவே உள்ள சாலில் மிகை நீர் வடிந்துவிடுவதால் மூச்சுத் திணறலும் இல்லை. சரிவான நிலத்தில் இந்தப் பார்களைச் சரிவுக்குக் குறுக்கே அமைப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு பெருமழை அணைத்த மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும்.

சரி, கோட்டைப்பட்டினத்து மணலிலும் இதே முறையில் செய்தால் என்ன? இப்போது இயற்பியலுக்கு வருவோம்.

மண்ணுக்குள் இறங்கும் வெப்பம்

பிரெஞ்சு அறிஞர் ஜோசப் ஃபூரியே 1822-இல் வெப்பத்தைப் பற்றி ஒரு பெரு நூலை வெளியிட்டார். பொருள்களுக்குள் வெப்பம் பரவுவதைக் கணிதத்தால் விளக்கும் நூல் அது. அவர் காட்டிய வழியில் மண்ணின் வெப்பநிலையையும் கணக்கிடலாம்.

பகலில் தரை சூடாகிறது, இரவில் ஆறுகிறது. இந்த ஏற்ற இறக்கம் ஓர் அலை போல மண்ணுக்குள் இறங்குகிறது. இறங்க இறங்க அலையின் உயரம் குறைகிறது. சாதாரண மண்ணில் ஏறத்தாழ ஒவ்வொரு 12 செ.மீ. ஆழத்துக்கும் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். மண்ணின் வகையையும் ஈரத்தையும் பொறுத்து இந்த 12 செ.மீ. கொஞ்சம் கூடும் அல்லது குறையும்.

ஓர் எடுத்துக்காட்டு. கணக்கு எளிதாக இருக்க, கோடைக் காலத்தில் மணலின் மேற்பரப்பு பகலில் 44 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, விடியற்காலையில் 24 டிகிரிக்கு இறங்குகிறது என்று கொள்வோம். சராசரி 34. ஏற்ற இறக்கம் இருபுறமும் பத்துப் பத்து டிகிரி. அப்போது ஆழத்தில் கிடைக்கும் விடைகள் இவை:

மேற்பரப்பு: 24 முதல் 44 டிகிரி வரை
12 செ.மீ. ஆழம்: சுமார் 30 முதல் 38 வரை
24 செ.மீ. ஆழம்: சுமார் 32½ முதல் 35½ வரை
36 செ.மீ. ஆழம்: சுமார் 33½ முதல் 34½ வரை

ஒரு சாண் என்பது ஏறத்தாழ 23 செ.மீ. அந்த ஆழத்தில் பகலும் இரவும் அநேகமாக ஒன்றுதான். இந்தப் பட்டியலை மறுபடியும் பாருங்கள். ஆழம் கூடக் கூட 44 என்ற எண் இறங்கி வருகிறது. 24 என்ற எண் ஏறி வருகிறது. இரண்டும் 34 என்ற சராசரியில் போய்ச் சேருகின்றன. ஆழம் ஏற்ற இறக்கத்தைத்தான் குறைக்கும், சராசரியைக் குறைக்காது. மாணவரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் தோண்டிய மணல் ஏன் குளிர்ச்சியாக இருந்தது? 44 டிகிரியில் சுட்ட கைக்கு 33 டிகிரி குளிர்ச்சியாகவே தோன்றும். அடி மணலின் ஈரமும் கையிலிருந்து வெப்பத்தை விரைவாக வாங்கிக்கொள்ளும். இன்னொரு காரணமும் உண்டு. வெப்ப அலை கீழே இறங்க நேரம் பிடிக்கிறது. மேற்பரப்பு மதியம் 1 மணிக்கு உச்சச் சூட்டை அடைந்தால், 12 செ.மீ. ஆழத்தில் உச்சம் மாலை 5 மணி அளவில்தான் வரும். ஒரு சாண் ஆழத்தில் இரவு 8, 9 மணி ஆகிவிடும். நண்பகலில் நீங்கள் தோண்டும்போது அன்றைய வெயில் அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை. இரவு உணவுக்குப் பிறகு அதே இடத்தில் தோண்டிப் பாருங்கள். மேலே மணல் ஆறியிருக்கும். உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும்!

கிணறு சொல்லும் சாட்சி

ஒரு சாண் போதாது, ஓர் ஆள் ஆழம் தோண்டினால்? அதற்கும் கணக்கு இருக்கிறது. வெப்ப அலை இறங்கும் ஆழம், அதன் சுழற்சிக் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நாள் அலையின் காலம் 1 நாள். கோடையும் குளிருமாக மாறிவரும் ஆண்டு அலையின் காலம் 365 நாள். 365-இன் வர்க்கமூலம் சுமார் 19. எனவே 12 செ.மீ.யை 19-ஆல் பெருக்கினால், ஏறத்தாழ 2.3 மீட்டர். ஏழு மீட்டர் ஆழத்துக்குப் போனால் ஆண்டு அலையும் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

ஆழமான கிணற்று நீர் சித்திரையில் குளிர்ந்தும் மார்கழியில் வெதுவெதுப்பாகவும் இருப்பதாக நாம் உணர்கிறோம். உண்மையில் நீரின் வெப்பநிலை மாறவே இல்லை. நம்மைச் சுற்றியுள்ள காற்றுத்தான் மாறுகிறது. அந்த நீர் ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டிய வெப்பநிலையில் நிற்கிறது. தமிழகக் கடற்கரையில் காற்றின் ஆண்டுச் சராசரி சுமார் 28 டிகிரி. ஆகவே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அதைவிடக் குளிர்ந்த மண் கிடைக்கப் போவதில்லை.

உருளைக்கிழங்குக்கு வேண்டியது எவ்வளவு? மண் 15 முதல் 18 டிகிரி அளவில் இருந்தால் மிக நன்று. 30 டிகிரியைத் தாண்டினால் கிழங்கு வளர்ச்சி அநேகமாக நின்றுவிடும். உதகையின் ஆண்டுச் சராசரி சுமார் 14, 15 டிகிரி. அங்கே 12 செ.மீ. மண் பகல் வெயிலையும் இரவுக் குளிரையும் சமன்செய்து, கிழங்குக்கு ஏற்ற இடத்தை அமைத்துத் தருகிறது. சராசரி சரியாக இருந்தால் மட்டுமே ஆழம் உதவும்.

உயரமான மலையில்தான் விளையும் என்று எண்ண வேண்டாம். இந்தியாவின் உருளைக்கிழங்கில் பெரும்பகுதி கங்கைச் சமவெளியில் விளைவது. அங்கே அது குளிர்காலப் பயிர். சராசரி இறங்கும் மாதங்களை உழவர்கள் தேர்ந்துகொள்கிறார்கள்.

இலையைப் புதைக்க முடியுமா?

இன்னொரு தடையும் இருக்கிறது. கிழங்கு உண்டாக வேண்டும் என்ற கட்டளை பிறப்பது இலையில். இலையில் உருவாகும் ஒரு புரதம் தண்டின் வழியே இறங்கி ஓடுதண்டை அடைந்து, கிழங்கு ஆகும்படி தூண்டுகிறது என்பதை 2011-இல் அறிவியலார் வெளியிட்டனர். வெப்பம் மிகுந்தால் இந்தக் கட்டளை பலவீனமாகிறது. இரவு வெக்கையாக இருந்தால் செடி பகலில் செய்த சர்க்கரையைச் சுவாசத்தில் செலவழித்துவிடுகிறது. செடி தழைத்து வளரும். தோண்டினால் கிழங்கு இருக்காது. கிழங்கை மண்ணில் புதைத்துக் காக்கலாம். இலையை என்ன செய்வது?

வைக்கோல் மூடாக்கு இட்டால் வெயிலின் ஒரு பகுதி மண்ணை எட்டாது. நிழலாலும் நீர்ப் பாய்ச்சலாலும் கூட மண்ணின் சராசரியைச் சில டிகிரி இறக்கலாம். ஆழத்தால் ஆகாத காரியத்தை இவை ஓரளவு செய்கின்றன. 2006-இல் வெளியிடப்பட்ட 'குஃப்ரி சூர்யா' போன்ற வெப்பம் தாங்கும் ரகங்களும் உள்ளன. ஆனால் அதற்கும் இரவு வெப்பநிலை 20 டிகிரி அளவுக்காவது இறங்க வேண்டும். கோட்டைப்பட்டினத்தில் தை மாதத்தில்கூட அது அரிது. பூமி மேலும் சூடாகி வரும் இந்நாளில், இத்தகைய ரகங்களைத் தேடுவது சமவெளி உழவர்களுக்கும் மலை உழவர்களுக்கும் வாழ்வுப் பிரச்சினை ஆகிவிட்டது.

உங்கள் ஊர்ப் பயிரைப் பாருங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்து மாணவர்கள் ஏமாற்றம் அடைய வேண்டியதில்லை. ஆழமும் இருட்டும் செய்யும் வேலையைக் காண உங்கள் கண்ணெதிரே நிலக்கடலை இருக்கிறது. அதன் பூ தரைக்கு மேலே பூக்கிறது. பிறகு விழுது இறங்கி மண்ணுக்குள் நுழைந்து, சில செ.மீ. ஆழத்தில், இருட்டில்தான் காயாகிறது. மண்ணை எட்டாத விழுது வீணாகும். அதற்காகவே கடலைக்கும் மண் அணைக்கிறோம். வெப்பத்தை விரும்பும் இப்பயிருக்கு 30 டிகிரி மண் தொல்லை தராது.

செய்து பாருங்கள்

1. பள்ளி மைதானத்தில் வெயில் படும் இடத்தில் 5, 12, 24 செ.மீ. ஆழத்துக்கு மூன்று குழாய்களைச் செங்குத்தாகப் புதையுங்கள். சாராய வெப்பமானிகளின் குமிழ்களைச் சுற்றி உருக்கி ஆறவைத்த மெழுகை ஒட்டுங்கள். மேலே தூக்கிப் படிக்கும்போது அளவு சட்டென்று மாறாமல் இருக்கவே இந்த மெழுகு. குழாய்க்குள் நூலில் கட்டி இறக்கி, வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை மூன்று மணிக்கு ஒருமுறை படித்து வரைபடம் வரையுங்கள். அலை சுருங்குவதும் தாமதமாவதும் தெரியும். பக்கத்தில் வைக்கோல் பரப்பிய இடத்திலும் இதையே செய்து, சராசரியை ஒப்பிடுங்கள்.

2. ஒரே அளவுள்ள இரண்டு உருளைக்கிழங்குகளில் ஒன்றைச் சன்னலோரத்திலும் மற்றதைக் கறுப்புத் துணியில் சுற்றிப் பெட்டியிலும் வையுங்கள். இரண்டு வாரம் கழித்துத் தோலைச் சீவிப் பாருங்கள். பச்சையான கிழங்கைச் சமையலுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த மாணவரிடம் நான் விடையைச் சொல்லவில்லை. இரவு 9 மணிக்கு ஒரு முறை மணலைத் தோண்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். மறுநாள் அவரே சொன்னார்: "சார், அந்தக் குளிர்ச்சி மதியத்துக்கு மட்டும்தான்!"